அக்கா சொல்லாமல் விட்ட எண்

1

நான் சீமையில் கப்பலை விட்டு இறங்கி இந்த மாதத்தோடு பத்து வருஷம் ஆகிறது. இங்கே இருக்கும் நம்மவர்கள் இப்படி ஒரு நாள் வந்தால் பாயசம் வைத்து நாலு பேரைக் கூப்பிடுவார்கள். எனக்கு வந்தது ஒரு கடிதம். புத்தகம் போடும் கம்பெனி ஒன்று எழுதியிருந்தது. என் பழைய எஜமானரான பேராசிரியரின் கட்டுரைகளைத் திரட்டி, கெட்டி அட்டை போட்டு வெளியிடப் போகிறார்களாம். அதில் குற்றாலக் கட்டுரைக்குத்தான் முதல் இடமாம். முன்பு அச்சான படம் மங்கலாக இருக்கிறதாம். அந்தப் படம் முதலில் பதிந்த கண்ணாடித் தகடு என்னிடம் இருப்பதாகப் பேராசிரியர் சொன்னாராம். தயவுசெய்து அனுப்பி வைக்க வேண்டுமாம், தபால் செலவை அவர்களே கொடுத்துவிடுவார்களாம். என்ன தாராளம்!

அந்தப் படத்தில் ஈரத் தலையோடு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறவள் என் கூடப் பிறந்த அக்கா. படத்துக்குக் கீழே அவள் பெயர், வயசு, ஊர் எல்லாவற்றையும் அச்சடித்திருக்கிறார்கள். அதற்கும் கீழே, எண்ணிலும் பெயரிலும் நினைவு அறுந்துபோனவள் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியால் அக்கா போன வருஷம் தன் பெண்குழந்தையைப் பறிகொடுக்கப் பார்த்தாள்.

அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அச்சில் ஏறிச் செய்த வேலை போதும். தென்காசிக்கு மேற்கே ஒரு ஊர் என்பதற்கு மேல் ஊரையும் சொல்ல மாட்டேன். அத்தானின் பெயரை மட்டும் மாற்ற முடியாது. மாற்றினால் நான் சொல்ல வந்தது உங்களுக்கு விளங்காது. அவர் பெயர் ஆறுமுகம். நம் பக்கத்துக் கடைத்தெருவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பத்துத் தலை திரும்பும், ஆகையால் பரவாயில்லை. இதையெல்லாம் எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டாயா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவில்லை. கேட்க முடியாத நிலைமை. ஏன் என்று கடைசியில் தெரியும்.

2

அப்போது நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். அந்த வருஷம் ஆனி பிறந்ததும் சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலம் போகிற வண்டிகளில் கால் வைக்க இடமில்லை. அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் பேராசிரியர் வந்து சேர்ந்தார். மனிதர்களின் மனசைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். புத்தி பேதலித்தவர்களைக் கூட்டிவந்து அருவிக்கு அடியில் நிறுத்தி வைப்பது நம் பக்கத்து வழக்கம் அல்லவா? அதைக் கேள்விப்பட்டு வந்தவர். நன்றாக இருக்கிறவர்களையும் சோதித்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்று சொல்லி ஒரு பங்களாவை அமர்த்தினார். ஒரு மேஜை, ஒரு கடிகாரம், முக்காலியில் நிற்கிற படப்பெட்டி. அவர் இங்கிலீஷில் கேட்பதைத் தமிழிலும், வருகிறவர்கள் சொல்வதை இங்கிலீஷிலும் சொல்வதற்கு நான்.

ஆண்கள் வந்தார்கள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பேராசிரியர் எதைக் கேட்டாலும் ஆமாம் என்றார்கள். அருவியில் நின்றால் குரல் கேட்குமா? ஆமாம். கேட்காதா? ஆமாம். பெரிய மனுஷன் இவ்வளவு தூரம் வந்து கேட்கிறபோது இல்லை என்று சொல்லி முகத்தை வாட வைக்கலாமா என்கிற மரியாதைதான். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

பெண்கள் யாரும் வரவில்லை. பேராசிரியர் முகம் தொங்கிப்போயிற்று. என்னை அவருக்குப் பிடித்திருந்தது. முதல் நாள்தான், சீமையில் தமக்கு இந்தியப் பாஷை தெரிந்த உதவியாள் ஒருவர் தேவைப்படலாம் என்று சொல்லியிருந்தார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அவர் முகத்தைத் தூக்கி நிறுத்த ஒரு வழி எனக்குத் தோன்றியது. அக்காவும் அத்தானும் சீசனுக்குக் குளிக்க வந்து தங்கியிருந்தார்கள். அக்காவிடம் போனேன்.

"நான் எதுக்குலே? எனக்கு என்ன கேடு? புத்தி நல்லாத்தான இருக்கு?" என்றாள்.

"சும்மா நாலு கேள்வி கேப்பாருக்கா. பதிலச் சொல்லிட்டு வந்திரலாம். நீ வந்தேன்னா ஒன்னப் பாத்து மத்த பொம்பளைகளும் வருவாக."

"எம் பேரு எங்கயும் வராதுல்லா?"

"வராதுக்கா. நாந்தான் இருக்கேம்லா."

பங்களாவில் ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள். "எதுக்குலே இது? நெலமா எழுதி வாங்குதாக?" என்று சிரித்துக்கொண்டேதான் அக்கா பெருவிரலை நீட்டினாள். காகிதத்தில் இங்கிலீஷில் என்ன எழுதியிருந்தது என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. நானே முழுக்கப் படிக்கவும் இல்லை.

ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் எண்ணச் சொன்னார் பேராசிரியர்.

"இதுக்கா கூட்டியாந்தே?" என்று என்னைக் கேட்டுவிட்டு அக்கா எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு." அங்கே நின்றாள். என்னைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "ஏழு, எட்டு, ஒம்பது, பத்து."

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே உள்ளவர்களுக்குத்தான் பத்து வருஷமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். அக்கா கல்யாணமான நாளிலிருந்து அந்த எண்ணை வாயால் சொன்னதில்லை. சொன்னால் புருஷன் பெயரில் பாதியைச் சொன்னதாகிவிடும், அவருடைய ஆயுசு குறைந்துவிடும் என்று அவளுக்கு நம்பிக்கை. ஆறு முழம் கதம்பம் வேண்டுமென்றால் அஞ்சு முழமும் ஒரு முழமும் கொடு என்பாள். பூக்காரியும் சிரிக்காமல் அளந்து கொடுப்பாள், அவளுக்கும் சொல்லக்கூடாத பெயர் ஒன்று வீட்டில் இருக்கும்.

பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடியும் எண்ணச் சொன்னார். மூன்று தரம். மூன்று தரமும் அந்த இடத்தில் அக்கா தாண்டிக் குதித்தாள். அடுத்து, கணவன் பெயர் என்ன என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீயே சொல்லேம்ல," என்றாள் என்னிடம்.

பக்கத்தில் இருக்கிறவர் சொல்லிவிடுவதுதான் முறை. பத்திர ஆபீசில்கூட அப்படித்தான் நடக்கும். நான் பேராசிரியர் பக்கம் திரும்பி, "சார், எங்கள் வழக்கம்" என்று ஆரம்பித்தேன். அவர் கையைத் தூக்கினார்.

"நீர் மொழிபெயர்த்தால் போதும். விளக்கம் சொன்னால் சோதனை கெட்டுப்போகும்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அக்காவைப் பார்த்து மற்றப் பெண்களும் வந்தார்கள், நான் நினைத்தபடியே. கல்யாணமான பெண்கள் அத்தனை பேருக்கும் புருஷன் பெயர் மட்டும் மறந்துபோயிருந்தது. கல்யாணமாகாத குமரிகள் அத்தனை பேரும் அப்பன் பெயரைப் பளிச்சென்று சொன்னார்கள். ஒரு ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஒரே இடத்தில் மறதி விழுமா என்று ஒரு கழுதைக்குக்கூடச் சந்தேகம் வரும். பேராசிரியருக்குச் சந்தேகம் வரவில்லை, சித்தாந்தம் வந்தது. தாம்பத்தியத்தின் பயத்தால் பெண்களின் நினைவில் ஓட்டை விழுகிறதாம், அருவித் தண்ணீர் விழும்போது அந்தப் பயம் கொஞ்ச நேரம் விலகுகிறதாம், அதனால்தான் பைத்தியங்களுக்குக் குற்றாலத்தில் குணமாகிறதாம். பெயரோடு எண்ணையும் விட்டவள் அக்கா ஒருத்திதான். ஆகையால் அவளைப் படம் பிடித்தார்.

அந்தச் சாயங்காலம் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து எனக்கும் ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தார். சோதனை முடிந்துவிட்டது. இனி நான் விளக்கம் சொன்னால் எதுவும் கெட்டுப்போகாது. அவர் கப்பல் டிக்கெட்டைப் பற்றிப் பேசினார். நான் கப்பலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

3

இங்கே வந்து அடுத்த வருஷம் என் மனைவி கோமதி கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். துறைமுகத்தில் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, அவளிடம் கணவன் பெயரைக் கேட்டார். கோமதி பேசவில்லை. மறுபடி கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். அவர் காகிதத்தை எடுத்துத் தனியாக வைத்தார். வரிசையை விட்டு விலகி நில் என்று கையைக் காட்டினார்.

நான் தடுப்பின் மேல் ஏறிவிட்டேன். "முத்தையா, முத்தையா, நான்தான் முத்தையா" என்று கத்தினேன். எங்கள் நாட்டில் மனைவி கணவன் பெயரைச் சொல்ல மாட்டாள், அது மரியாதை, அவளுக்கு ஒன்றும் இல்லை என்று இங்கிலீஷில் பொழிந்து தள்ளினேன். அந்த அதிகாரி என்ன, படித்த பேராசிரியரா? கேட்டார், சிரித்தார், முத்திரையைக் குத்தினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

இதைத்தான் நான் ஒன்பது வருஷமாக நினைத்து நினைத்து வெட்கப்படுகிறேன். அங்கே மட்டும் எனக்கு எப்படி வாய் திறந்தது?

கோமதி இப்போது மாறிவிட்டாள். பக்கத்து வீட்டு அம்மாளிடம் "முத்தையா இன்னும் வரவில்லை" என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறாள். நானும் மாறித்தான் போனேன். என் காலை மிதித்தவனிடம் நானே ஸாரி சொல்கிறேன். இந்த ஊர் ஆலைப் புகையில் வெள்ளை வேட்டி இரண்டு நாளில் பழுப்பாகிவிடும் என்பதால் வேட்டி பெட்டிக்குள் போய்விட்டது. இங்கேயும் வருஷம் முழுக்க மழை தூறுகிறது. நம் சாரலைப் போலவே இருக்கிறதே என்று முதல் வருஷம் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பொய்யைச் சொல்வதில்லை.

4

கட்டுரை அச்சுக்குப் போனபோது அதைத் தட்டச்சு அடித்தவன் நான்தான். அக்காவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். ஊர்ப் பெயரில் பேராசிரியர் ஒரு எழுத்தைத் தப்பாக எழுதியிருந்தார். அதை நான் திருத்திக் கொடுத்தேன்! பெயரை எடுத்துவிடலாமே என்று லேசாகக் கேட்டுப் பார்த்தேன். பெயரும் ஊரும் இருந்தால்தான் ஆதாரம் கனமாக இருக்கும், அவ்வளவு தூரத்தில் இருக்கிறவர்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கவா போகிறார்கள் என்றார். இங்கே உள்ள ஒரு பெண்ணைப் பற்றி எழுதினால் முதல் எழுத்தை மட்டும் போட்டு ஒரு புள்ளி வைப்பார்கள். நம் பெண்களுக்கு அந்தப் புள்ளி கிடையாது.

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் உதவியவர்களுக்கு நன்றி சொல்லியிருந்தார். அதில் என் பெயர் இருந்தது. முழுப்பெயர்.

இனி நான் எழுதப் போவதை எழுதக் கை கூசுகிறது. அந்தக் கட்டுரையின் தனிப்பிரதிகள் கொஞ்சம் எனக்குக் கிடைத்தன. அதில் ஒன்றை ஊருக்கு அனுப்பினேன். அக்கா வீட்டு விலாசத்துக்குத்தான். அட்டையில் 'என் பெயர் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது' என்று மசியால் எழுதி, அம்புக்குறி வேறு போட்டேன். வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது, தம்பி சீமையில் பெரிய ஆளாகிவிட்டான் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பது என் எண்ணம். அந்த வீட்டில் ஒருவருக்கு இங்கிலீஷ் தெரியும். அத்தானின் தம்பி சுப்பையா. அவன் ஆபீசில் குமாஸ்தா.

5

போன வருஷம் வைகாசியில் ஊர் வாத்தியார் செல்லையா எழுதிய கடிதம் ஆகாயத் தபாலில் வந்தது. அக்காவுக்கு எழுதத் தெரியாது, அவர்தான் எப்போதும் எழுதுவார். அத்தான் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த செய்தி அதற்கு முன்பே வந்திருந்தது. இந்தக் கடிதத்தில் வேறு செய்தி. அண்ணி புத்தி சுவாதீனம் இல்லாதவள், ஆகவே ஏழு வயசுக் குழந்தையையும் அண்ணன் சொத்தையும் தன் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டும் என்று சுப்பையா கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறான். ஆதாரம், சீமைப் பேராசிரியர் ஒருவர் படத்தோடு எழுதிய இங்கிலீஷ்க் கட்டுரை. சீசனில் ஜில்லா ஜட்ஜி குற்றாலத்தில் முகாம் போடுவார், அங்கேயே விசாரணை, ஆடி மாதம்.

கடிதத்தின் அடியில் அக்கா சொன்னதை அப்படியே எழுதியிருந்தார். "அந்தத் தொரைட்ட ஒரு காயிதம் வாங்கி அனுப்புலே. எனக்குப் பைத்தியம் இல்லன்னு ஒரு வரி எழுதினாப் போதும். பகவதிய விட்டுட்டு என்னால இருக்க முடியாது."

பகவதி என்பது குழந்தை.

மறுநாள் காலையே பேராசிரியர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் வழக்கத்தையும் சொன்னேன், ஒன்பது வருஷம் தாமதமாக. அவர் ஆச்சரியப்படவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்தார்.

"கட்டுரை வந்த சில மாதங்களிலேயே சென்னையிலிருந்து ஒருவர் இதையே எழுதினார். சுவாரசியமான செய்தி," என்றார்.

"அப்போதே ஒரு திருத்தம் போட்டிருக்கலாமே?"

"அந்தப் பெண் அந்த எண்ணைச் சொன்னாளா, சொல்லவில்லையா?"

"சொல்லவில்லை. ஆனால்..."

"நான் எழுதியதும் அவ்வளவுதான். இப்போது அந்தக் கட்டுரையை நம்பி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் பின்வாங்கினால் அவர்கள் எல்லோரும் எங்கே போவார்கள்?"

"என் அக்காவின் குழந்தை எங்கே போகும்?"

"அதற்காக நான் மிகவும் வருந்துகிறேன்." இந்த ஊரில் வருந்துவது எல்லோருக்கும் சுலபமாக வரும். பஸ் தவறினாலும் இதே சொற்களில்தான் வருந்துவார்கள்.

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீரும் அங்கே இருந்தீரே, முத்தையா. தட்டச்சு அடித்ததும் நீர்தானே? ஏன் சொல்லவில்லை?"

"சொல்ல வந்தேன். நீங்கள்தான் கையைத் தூக்கி நிறுத்தினீர்கள்."

"சோதனை நடக்கும்போது நிறுத்தினேன். அதற்கப்புறம் உமக்கு நிறைய நாள் இருந்தது."

அவர் என்னிடம் பேசியதிலேயே முழு உண்மை அது ஒன்றுதான். அவரை நான் மன்னிக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கடைசியில், கோர்ட்டுக்குப் பொதுவாக ஒரு கடிதம் எழுதுவதைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னார்.

அந்த யோசனைக்காகக் காத்துக்கொண்டே பத்திரிகை ஆசிரியருக்கு நானே எழுதினேன். பத்திரிகையை நடத்தும் சங்கத்தில் அங்கத்தினர் அல்லாதவர்களின் கடிதங்களைப் பரிசீலிப்பதில்லை என்று பதில் வந்தது. அங்கத்தினர் ஆவதற்கு விண்ணப்பம் கேட்டேன். இரண்டு அங்கத்தினர்கள் சிபாரிசு செய்ய வேண்டுமாம். எனக்குத் தெரிந்த ஒரே அங்கத்தினர் பேராசிரியர். கெஞ்சி மறுபடி எழுதினேன். கட்டுரையில் பிழை இருந்தால் அதை எழுதியவர்தான் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். எழுதியவர் தெரிவிக்க மறுக்கிறார் என்று மூன்றாம் தரம் எழுதினேன். அப்படியானால் பிழை இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது, இத்துடன் இந்தக் கடிதப் போக்குவரத்து முடிந்தது என்று அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. கொட்டிய தேளே வந்து, நான்தான் கொட்டினேன் என்று சொல்ல வேண்டுமாம்! வைத்தியனும் அந்தத் தேள்தானாம்!

6

அந்த நாட்களில் ஒரு நாள், சாப்பாட்டு மேஜையில் இந்தக் கதை முழுவதையும் என் மகளுக்குச் சொன்னேன். ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்தில் விஷவாயு முகமூடி மாட்டிப் பழக்குகிறார்கள், அதன் அட்டைப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டே சாப்பிட உட்கார்ந்திருந்தாள். தமிழில் சொன்னால் அவளுக்குப் பாதிதான் விளங்கும், ஆகையால் இங்கிலீஷில் சொன்னேன். அத்தைக்காகக் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவர் பொய் எழுதவில்லையே, அப்பா? அத்தை சொல்லாததைத்தானே சொல்லவில்லை என்று எழுதினார்?" என்றாள்.

"அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்லவில்லை."

"தெரிந்தும் சொல்லாவிட்டால் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?"

கோமதி கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். மகள் என்ன தப்பாகச் சொன்னோம் என்று புரியாமல் என்னைப் பார்த்தாள். அவள் மேல் குற்றமில்லை. அவள் வளர்ந்த இடத்தில் வாயால் சொன்னதுதான் கணக்கு. அவளை அந்த இடத்துக்குக் கூட்டிவந்ததற்குத்தானே நான் அந்த விலையைக் கொடுத்தேன்? கொடுத்தது நானா, அக்காவா?

7

வக்கீல் முன்னால் சத்தியம் செய்து நானே ஒரு வாக்குமூலம் அனுப்பலாம் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். அக்கா தெரிந்தேதான் அந்த எண்ணைச் சொல்லாமல் விட்டாள், அது எனக்கும் தெரியும், அதை மறைத்துத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். போட்டால் என் வேலை போய்விடும். பேராசிரியர் கடிதம் கொடுத்துவிட்டால் வேலையும் தப்பும், அக்காவும் தப்புவாள். ஆகையால் காத்திருந்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் அறைக்குப் போய் நின்றேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் யோசித்துக்கொண்டிருந்தார். ஐந்து திங்கட்கிழமைகள்.

ஐந்தாவது திங்கட்கிழமை, தம்முடைய வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். அன்றைக்கே வாக்குமூலம் எழுதி, சத்தியம் செய்து, ஆகாயத் தபாலில் போட்டேன். ஒரு நகலைப் பேராசிரியர் மேஜையிலும் வைத்தேன். அந்த வார முடிவில் எனக்கு வேலை இல்லை. இப்போது ஒரு கம்பளிக் கிடங்கில் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதுகிறேன். இதைப் பெரிய தியாகமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் திங்கட்கிழமையே செய்திருந்தால் அது தியாகம்.

புத்தகக் கம்பெனிக்கும் பதில் எழுதிவிட்டேன். தகட்டைத் தர முடியாது, அந்தக் கட்டுரை பிழை, அதை நீங்கள் போடக் கூடாது, காரணம் இது என்று நாலு பக்கம். மூன்றாம் நாளே பதில் வந்தது. பழைய படத்தையே வைத்துச் சமாளித்துக்கொள்வார்களாம். நான் எழுதிய மற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆக, அந்தப் புத்தகம் வரும். சென்னைக்கும் வரும், காலேஜ் நூலகங்களில் உட்காரும். நம் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுப் பரீட்சையில் எழுதுவார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். குற்றாலத்தில் நினைவு அறுந்துபோன பெண்கள் யாரும் இல்லை. அங்கே தெரிந்தும் வாயைத் திறக்காத ஒருவன் இருந்தான், அவன் பெயர் அந்தப் புத்தகத்தில் நன்றியோடு அச்சாகியிருக்கும். இனிமேல் யாராவது மேஜையும் படப்பெட்டியும் கொண்டுவந்து பங்களா அமர்த்தினால், பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிற துபாஷியின் மூஞ்சியை முதலில் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுரை அச்சான பிறகு பேராசிரியர் என்னிடமே கொடுத்து வைத்த தகடு என் பெட்டியில்தான் இருக்கிறது. உடைத்துவிடலாம் என்று இரண்டு தரம் கையில் எடுத்தேன். உடைக்கவில்லை. என்னிடம் அக்காவின் படம் வேறு கிடையாது.

8

ஆடி முடிவில் செல்லையா வாத்தியாரின் கடிதம் வந்தது. விசாரணையன்று அவரும் கூடப் போயிருந்தார். குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்ததாம். சுப்பையாவின் வக்கீல் கட்டுரையை எடுத்து வாசித்துத் தமிழில் சொன்னாராம். படத்தையும் காட்டினாராம். ஜட்ஜி நம்மவர், வயசானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்களே எண்ணுங்கம்மா, பாப்போம்," என்று அக்காவிடம் சொன்னாராம்.

அக்கா எழுந்து நின்றாள். எதிரே சுப்பையா, சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள். எண்ணத் தொடங்கினாள். அஞ்சு வரைக்கும் வந்து நின்றாள். பிறகு, "ஆறு," என்றாள். பத்து வரைக்கும் நிற்காமல் சொன்னாள். யாரும் கேட்பதற்கு முன்பே, "எங்க வீட்டுக்காரக பேரு ஆறுமுகம்," என்றாள்.

"அந்தத் துரை கேட்டபோது ஏன் சொல்லலை?" என்று கேட்டார் ஜட்ஜி.

"அன்னைக்கு அவுக இருந்தாகய்யா. சொன்னா ஆயுசு கொறையும்னு சொல்லல. இன்னைக்குக் கொறைய என்ன இருக்கு?"

மனு தள்ளுபடியாயிற்று. என் வாக்குமூலம் அதற்கு எட்டு நாள் கழித்து வந்து சேர்ந்ததாம். அதை வாத்தியார் அக்காவுக்கு வாசித்துக் காட்டினாராம். அவள் இரண்டாம் தரமும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாளாம். பிறகு, எழுதிக்கொள்ளுங்கள், ஒரு சொல் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுச் சொன்னதை அவர் தனித் தாளில் எழுதியிருக்கிறார்:

"முத்தையாவுக்கு. பகவதி எங்கூடத்தான் இருக்கா. ஒனக்கு அன்னைக்கே எல்லாம் தெரியும்னு நீ எழுதினதக் கேட்டேன். நான் ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான அங்கன ஒக்காந்திருந்தேன். புருஷன் பேர நாலு பேரு முன்னால என்னச் சொல்ல வச்சுட்டே. கோர்ட்ட விட்டு வெளிய வந்ததும் வீட்டுக்குப் போகல. அருவிக்குப் போனேன். அவுகளுக்குன்னு சொல்லி ஒருதரம் தலைமுழுகினேன். ஒன் காயிதம் வந்த அன்னைக்குத் திரும்பவும் போனேன். அது ஒனக்கு. இனிமே இந்த வெலாசத்துக்கு எழுதாத."